விரதம் பிடிக்கப்போகும் தம்பிக்கு

கிரெய்கிபர்ன்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி சிறிக்கு,

அக்கா சந்திரவதனா எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் எல்லோரும் சுகம். உன் சுகத்தை நான் கேட்கவில்லை. கேட்டால் பொய்தான் சொல்லுவாய்.

முதலில் நல்ல செய்திகள். என் பேரன் நிதுஷன் எஞ்சினியராகிப் பாலம் கட்டுகிற கொம்பனியில் சேர்ந்துவிட்டான். சின்னவன் சுஜீதன் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது. பேத்தி மிருணாளினி ஆசுப்பத்திரியில் கிட்னி வார்ட்டில் நேர்ஸ். இந்த வருசம் அவளைப் பொறுப்பாளராக உயர்த்தியிருக்கிறார்கள். உன் பேரன் லக்சன்கூட சிட்னியில் தமிழ்ப் பேச்சுப்போட்டியில் கிண்ணம் எடுத்தானாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதைவிட வேறென்ன வேணும்? பிள்ளைகள் எல்லோரும் மூளையோடு பிறந்திருக்கிறார்கள். அது உன் பக்கத்தால் வந்ததில்லை.

இந்த வருசமும் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணிகூடக் குடியாமல் இருக்கப்போகிறாய் என்று உன் மனிசி யோகா ரெலிபோனில் அழுதாள். நான் எடுத்தால் நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதை உன்னால் இடையில் வெட்ட ஏலாது.

போன வருசம் நடந்ததை மறந்துபோனாய். மறக்கிறது உனக்குச் சுகம். விரதத்தின் நடுவில் வயிற்றாலே அடித்தது. அப்போதும் தண்ணி தொடவில்லை, பெரிய பக்தன்! ஆனால் பிரஷர் குளிசை, மூத்திரம் போகிற குளிசை, முழங்கால் நோவுக்குக் கடையில் வாங்கின குளிசை எல்லாவற்றையும் எச்சிலோடு விழுங்கினாய். மருந்து விரதத்தை முறிக்காதாம். அந்தச் சட்டத்தை எந்த முருகன் உனக்கு எழுதித் தந்தவர்? சூரன்போருக்குக் கோயிலில் சூரன் விழ முதல் நீ விழுந்தாய். ஆசுப்பத்திரியில் ஒரு சொட்டு மூத்திரம் இல்லை. இரத்தம் கழுவுகிற மெசினில் போடவேண்டி வருமோ என்று டொக்டர்மார் பேசினதை யோகா வாசலில் நின்று கேட்டவள்.

அதற்குப் பிறகும் நீ சபையில் சொல்லித் திரிகிறாய், எனக்குக் கிட்னி வருத்தமே இல்லை, சீனியும் பிரஷரும் கொஞ்சம் இருதயமும்தான் என்று. கொஞ்சம் இருதயமாம்! கிட்னி என்ன, வேறு வீட்டில் வாடகைக்கா இருக்கிறது? சீனி, பிரஷர், பலவீனமான இருதயம் எல்லாம் சேர்ந்து கிட்னியை ஏற்கெனவே களைக்கப்பண்ணி வைத்திருக்கும் என்று மிருணாளினி சொன்னாள். அப்படிப்பட்டவருக்கு ஒரு காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்து உடம்பில் தண்ணி வற்றினால், சுகதேகி எழும்பி நடக்கிற இடத்தில் இவருக்குக் கிட்னி நின்றுவிடுமாம். ஒருமுறை நின்றது இன்னொருமுறை சுலபமாய் நிற்குமாம். போன முறை அது திரும்பி வந்தது உன் பக்தியால் இல்லை, ஆசுப்பத்திரியில் ஏற்றின சேலைனால்.

உன்னைப் புகழுகிற கூட்டத்தையும் எனக்குத் தெரியும். சிறி அண்ணை பச்சைத் தண்ணியும் தொடமாட்டார் என்று சொல்லிக்கொண்டே, தாங்கள் அன்னதானத்தில் மூன்றாம் தரம் பாயாசம் வாங்குவினம். நீ விழுந்த பிறகு அவையளில் ஒருத்தராவது ஆசுப்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்த்தவையோ?

விரதத்தை விடு. கோயிலுக்குப் போ, கும்பிடு, வீட்டுக்கு வந்து சாப்பிடு. உனக்கு எவ்வளவு தண்ணி அளவு, வயிற்றாலே போனால் எந்தக் குளிசையை நிற்பாட்ட வேணும் என்று டொக்டரிடம் கேள். கிட்னிக்குக் கூடாத அந்த முழங்கால் குளிசையைக் குப்பையில் போடு. முருகனுக்கு நான் சமாதானம் சொல்லுகிறேன். அவர் உன்னைப்போல முரடில்லை. உன்னை அவர் எங்களுக்கு விட்டுவைக்கட்டும்.

இன்னொன்று. உன் கலியாணப் படத்தைத் தவிர என்னிடம் உன் படம் ஒன்றும் இல்லை. புதுசாக ஒன்று எடுத்துத் தபாலில் போடு. இப்போது எடுக்க வேண்டாம். சூரன்போர் முடிந்த மறுநாள், கதிரையில் நிமிர்ந்து இருந்து எடு. முகத்தை உம்மென்று வைத்திருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த
அக்கா