முதல் அடுக்கில் திரும்பியவை

மார்ச் 4
அத்தானின் சோதனைப் பிரிவிலிருந்து அறிக்கை வந்தது. அழைப்புகளை வழிபிரித்து அனுப்பும் எங்கள் புதுப் பெட்டியில் ஆயிரம் பாக்கெட் தகவலுக்கு ஒன்றுதான் இழப்பாம். அறுபத்து நான்கு வாயில்கள், இடையில் ஆறு அடுக்குச் சின்ன ஸ்விட்சுகள். ஒரே வழிக்கு இரண்டு பாக்கெட் முட்டினால் ஒன்று நின்றாக வேண்டும். நிற்க இடமில்லையென்றால் தொலையும். எல்லாம் ஒரே வாயிலுக்கு நெருக்கினால் என் கணினி மாதிரியில் நூற்றுக்குப் பன்னிரண்டு தொலைகிறது. அவர் கைபட்டால் மட்டும் தொலையாதோ?

மார்ச் 5
என் நிரலை வரிவரியாகப் பார்த்துவிட்டேன். பிழை என்னிடம் இல்லை.

மார்ச் 7
கேன்டீனில் கேட்டேன். “எல்லா பாக்கெட்டும் ஒரே வாயிலுக்குப் போனா என்ன ஆகும்னு பாத்தீங்களா, அத்தான்?”

“பாக்கச் சொன்னதைப் பாத்தோம்மா.” முகம் கொடுத்துப் பேசவில்லை.

யார் சொன்னது? கேட்க வாய் வரவில்லை. அக்கா வீட்டுக்காரர், இந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவரே. ஆனால் இந்தப் பெட்டி போவது ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்துக்கு. பெரிய விபத்தென்றால் ஊரே ஒரே எண்ணுக்குத்தானே அடிக்கும்?

மார்ச் 11
பிடித்துவிட்டேன்! முதல் அடுக்கு ஏற்காமல் திருப்பிய பாக்கெட்டுகளை அனுப்பியதாகவே எண்ணவில்லை. உள்ளே வராததற்கு இழப்பு ஏது? நல்ல சாமர்த்தியம். அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் — அதற்குத்தானா? சீ, என்ன புத்தி எனக்கு.

ஆனாலும்.

மார்ச் 12
தரக்கட்டுப்பாட்டு அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். அத்தான் பெயரோடு.

மார்ச் 14
அக்கா போனில்: “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அவரை நாலு பேர் நடுவுல நிக்க வச்சிட்டியேடி.” வைத்துவிட்டாள். நான் என்ன பண்ணட்டும்? பொய்க்குத் துணை போகவா?

மார்ச் 18
விசாரணை. அத்தான் ஒரு தாளை நீட்டினார். ஜனவரியில் மேலாளருக்கு அவர் எழுதியது: திருப்பியவற்றையும் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன். கீழே மேலாளரின் பதில்: சொன்னதை மட்டும் செய்யவும்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். கையெழுத்து மேலாளருடையது. இரண்டு வாரமாக என் மேசையில்தான் கிடந்தது. எண்களைப் பார்த்தவள் அதைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும், “ஏன் அத்தான் அன்னிக்கே சொல்லல?” என்றேன்.

“உன் வேலைக்கும் உலை வச்சிடுவாங்கன்னு பயந்தேன்.”

மார்ச் 20
அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 27
பெட்டி அழைப்பு மையத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். மேலாளர் நீண்ட விடுப்பில். இன்று மறுசோதனை, அத்தான் எதிர் நாற்காலியில். எல்லாவற்றையும் ஒரே வாயிலுக்கு விட்டோம். திருப்பியவற்றையும் எண்ணினோம்.

“நூத்துக்குப் பதினாலு. உங்க கணக்கைவிட மோசம்,” என்றார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். “குறிச்சுக்கோங்க, மேடம்.”

குறித்துக்கொண்டேன்.