காரம் என்று பெயர் வைத்தவர்

அன்பு மகள் பிரவீனாவுக்கு, சேரப்பணஞ்சேரியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், வயிறு நீங்கலாக உன் அப்பாவும் நலம், அந்தக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்தால் நிம்மதி. போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நடந்ததைப் போனில் பாதி சொல்வதற்குள் நீ விழுந்து விழுந்து சிரித்தாய், கூட இருக்கிற பெண்ணுக்கும் இங்கிலீஷில் சொல்லி அவளையும் சிரிக்க வைத்தாய், எனக்குக் கேட்டது. கடிதத்தில் நான் முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்கே வர முடியாது, அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

என்னை எட்டாவதோடு நிறுத்தினார்கள், மீதியை இப்போது நானே படிக்கிறேன், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்குத் தெரியவில்லை. நீ விட்டுப்போன வேதியியல் புத்தகத்தை எடுத்து அணுவிலிருந்து தொடங்கினேன். நடுவில் அணுக்கரு, அதில் புரோட்டானும் நியூட்ரானும், சுற்றிலும் எலக்ட்ரான், மற்றபடி உள்ளே எல்லாம் வெற்றிடம். எவ்வளவு பெரிய விஷயம், இதை யாரிடமாவது சொல்ல வேண்டாமா. உன் அப்பா கம்பெனி பஸ் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார், நீங்க உக்காந்துகினு இருக்கிற நாற்காலியே அநேகமா முழுக்கக் காலிதான் என்றேன். அதற்கு அவர், “நாற்காலி கெடக்கட்டும்டி, தட்டுந்தான் காலியா கீது, இட்லி வை” என்றார். அணுவுக்கு இந்த வீட்டில் கிடைத்த மரியாதை இவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போது அவருக்கு நெஞ்செரிச்சல் வந்து படப்பையில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன். “வயித்துல ஆசிட் ஜாஸ்தியாம், சாப்பாட்டுல பாத்துக்க சொன்னாரு” என்றார். இதை நன்றாகக் கவனி, அவர் சொன்னது அவ்வளவுதான். எதைப் பார்த்துக்கொள்வது என்று டாக்டர் சொன்னதை வழியிலேயே மறந்துவிட்டு வந்தவர் அவர், நான் இல்லை. நான் புத்தகத்தைத் திறந்தேன். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும், இதற்கு நடுநிலையாக்கல் என்று பெயர், என்று அச்சில் இருக்கிறது. நீரில் கரையும் காரத்துக்கு எரிகாரம் என்று பெயர் என்பதும் அச்சில்தான் இருக்கிறது. இதைப் படித்த பிறகு ஒரு மனைவி என்ன செய்வாளோ அதைத்தான் நானும் செய்தேன். குண்டூர் மிளகாயை வறுத்து அரைத்து, மேலே பச்சை மிளகாயும் கீறிப்போட்டு, கருவாட்டுக் குழம்பு வைத்தேன். உப்பு உள்ளே போய்த் தானாக உண்டாகப் போகிறதே, மேலும் சேர்த்தால் அதிகமாகிவிடுமே என்று குழம்பில் உப்பே போடவில்லை. “இன்னாடி இது, உப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, காதுல பொக வருது” என்றார். கொஞ்சம் பொறுங்க, உள்ளே போய் உப்பாகும் என்று ஆறுதல் சொன்னேன்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் போகிற வழியில் மனுஷனுக்கு வயிறு பற்றிக்கொண்டது. பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு இளநீர்க் கடைக்கு ஓடி ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்திருக்கிறார், வண்டியில் இருந்தவர்களும் சும்மா இருப்பானேன் என்று இறங்கி ஆளுக்கொன்று வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். சூப்பர்வைசர் மாரிராஜ் போனில், “இன்னாண்ணே, இங்க ஆளில்லாம லைன் நிக்குது, நீ ஊருக்கே எளனி விருந்து வெச்சிக்கினு கீற” என்று கத்தினாராம். அந்த அவமானத்தோடு திரும்பவும் டாக்டரிடம் போய், அங்கிருந்து நேராக வாலாஜாபாத்தில் உன் அத்தை சந்திரம்மாள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். நான் போன் செய்தேன். “தப்புன்னு உன் வாயால சொல்லு, அதுவரைக்கும் அந்த வூட்டுல கை நனைக்க மாட்டேன்” என்றார். நான் ஏன் சொல்ல வேண்டும், அச்சில் இருப்பதைத்தானே செய்தேன்.

பக்கத்து வீட்டில் டியூஷன் எடுக்கிற கலைமதி வந்து, அடுத்த பக்கத்தைப் படித்தீர்களா ஆன்ட்டி என்று திருப்பிக் காட்டினாள். காரங்கள் கசக்கும், சோப்புபோல வழுவழுப்பாக இருக்கும் என்று போட்டிருந்தது. கசக்கிற பொருளுக்குக் காரம் என்று பெயர் வைத்தது யார், பாகற்காய்க்கு மிளகாய் என்று பெயர் வைத்தால் சமைக்கிறவள் என்ன செய்வாள் என்று கேட்டேன். டியூஷனுக்குப் பிள்ளைகள் வந்துவிடும் என்று அந்தப் பெண் கிளம்பிவிட்டாள்.

உனக்கு மட்டும் சொல்கிறேன், ஒரு ஆளுக்குச் சமைக்க எனக்கு அளவு வரவில்லை. பழைய அளவிலேயே வடித்துவிட்டுப் பானையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் சொல்லாமல் வர அவருக்கு மனசில்லை, தப்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை, இப்படியே விட்டால் பொங்கலுக்கும் அங்கேயே இருந்துவிடுவார் போலிருந்தது. கடைசியில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத்துக்குப் பஸ் ஏறினேன். வாசலிலேயே உன் அத்தை, “இன்னா அண்ணி, புக்க மட்டும் எடுத்துக்கினு வர, மொளகா மூட்ட பின்னால லாரில வருதா?” என்றாள். நான் நேராக உள்ளே போனேன். உன் அப்பா உள்ளே தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார், பக்கத்தில் டாக்டர் கொடுத்த வெள்ளை மருந்து. பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். மெக்னீசியம் ஹைட்ராக்சைடு என்று இங்கிலீஷில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். புத்தகத்தில் காரங்கள் என்ற தலைப்புக்குக் கீழே அதே பெயர் இருந்தது. இரண்டையும் அவர் முன்னால் வைத்து, நீங்க வேளாவேளைக்குக் குடிக்கிறது இன்னா, காரந்தானே என்று கேட்டேன். 

அவர் பாட்டிலைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், தட்டையும் பார்த்தார். வந்த நாளிலிருந்து உன் அத்தை பயந்துகொண்டு தயிர்சோறு தவிர வேறொன்றும் போடவில்லை. “அப்ப டாக்டரு குடுத்த காரம் ஆத்துது, நீ குடுத்த காரம் எரியுது, பேரு மட்டும் ஒண்ணா?” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப தப்பு உன்னுது இல்லடி, பேரு வெச்சவன்து” என்று சொல்லிவிட்டுக் கைகழுவிக்கொண்டு சட்டையை மாட்டினார். திரும்பும் பஸ்ஸில் ஒரகடம் வரும்வரைக்கும் அந்தப் பெயர் வைத்தவரை இரண்டு பேரும் சேர்ந்து திட்டிக்கொண்டே வந்தோம். இவ்வளவு நேரம் நாங்கள் ஒரே பக்கம் நின்று பேசியது உன் கல்யாணப் பேச்சின்போதுகூட இல்லை.

இப்போது குழம்பில் மிளகாயைக் குறைத்து உப்பு போடுகிறேன். தோற்றுப்போய் அல்ல. அந்த மருந்தால் வயிற்றில் உண்டாவது மெக்னீசியம் குளோரைடு, அதுவும் உப்புதான் என்றாலும் சமையல் உப்பு இல்லை, அதில் சோடியம் கிடையாது, ஆகவே வெளியிலிருந்து போட்டுத்தான் ஆக வேண்டும். நேற்று சாப்பிட்டு மருந்தைக் குடித்துவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டே, “இந்நேரம் உப்பாயிருக்குமா?” என்று அவராகவே கேட்டார். ஆயிருக்கும், கூடவே கொஞ்சம் தண்ணியும் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

நீ நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. காலுறை போடாமல் தரையில் நடக்காதே. காரத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் யார் என்று உன் ஆபீசில் படித்தவர்களிடம் விசாரித்து மறக்காமல் எழுது, அப்பாவும் கேட்கச் சொன்னார்.

இப்படிக்கு, தப்பு செய்யாத உன் அம்மா,
ந. முனியம்மாள்