அக்காவுக்கு எத்தனை வாரம்

ஜூன் 9, செவ்வாய்

காலையிலேயே காத்து, கூடவே சாரல். மூணு காத்தாலை நின்னு கிடந்துச்சு. ரெண்டை மதியத்துக்குள்ள ஓட விட்டாச்சு. மூணாவது நாளைக்கு.

சாயங்காலம் அக்காவோட தேனிக்கு, செக்கப். பிரஷர், சுகர் சரி. இன்னையோட 24 வாரம். விமானத்துல போகலாம்னு டாக்டரம்மா சர்டிபிகேட். அடுத்த செவ்வாய் கொச்சியிலிருந்து மஸ்கட், மூணு வாரம். அங்க வேலை பாக்குற மச்சானுக்கு இந்த வருசம் லீவு கிடையாதாம். அக்கா உண்டானதே அவருக்குப் போன்ல தெரிஞ்சதுதான். பிரசவத்துக்கு எப்படியும் சின்னமனூருக்கு வந்துருவா.

பாக்கி:
பாஸ்போர்ட் ஜெராக்ஸ்
மூணு வாரத்துக்கு மாத்திரை, டாக்டர் சீட்டோட
இன்சூரன்ஸ் பிரிண்ட்
பைக் செயின்

ஜூன் 10, புதன்

பயண இன்சூரன்ஸ் பேப்பரை இன்னைக்குத்தான் முழுசா படிச்சேன். புறப்படும் நாளில் கர்ப்பம்: 20 வாரம். எவன் கணக்கு இது? கிளம்புற அன்னைக்கு 25.

கர்ப்பத்தால வர்ற அவசரச் சிகிச்சைக்கு 26 வாரம் முடியுற வரைக்கும்தான் பணம். தகவல் தப்புன்னா மொத்தமும் செல்லாது. பேப்பர்படி அக்கா திரும்பி வர்றப்ப 23. நிஜத்துல 28. சரியா எழுதியிருந்தாலும் கடைசி ரெண்டு வாரத்துக்கு ஒண்ணும் கிடையாது. இப்படி எழுதினதுல ஒரு நாளைக்குக் கூடக் கிடையாது.

போன தடவை நாலாம் மாசம் கலைஞ்சது. ரத்தம் நிக்கல. ரெண்டு நாள் ஐசியு வாசல்ல நின்னவன் நான். மஸ்கட்ல போய் அப்படி ஆனா?

கம்பம் டிராவல்ஸ்காரருக்குப் போன். "உங்கம்மாதான் தம்பி வந்து அஞ்சு மாசம்னாக. மாசத்துக்கு நாலு வாரம், அஞ்சு நாலு இருபது." நாலு வாரமாம். காலண்டர் பாத்ததே இல்லை போல.

அம்மாகிட்ட போனேன்.

"ஆறாம் மாசம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன?"

"பிறகு எதுக்கு அஞ்சுன்ன?"

"வெளியாளுகிட்ட ஒண்ணு குறைச்சுத்தான்டா சொல்லணும். எல்லாரும் அப்படித்தான் சொல்றாக."

"அது இன்சூரன்ஸ் ஃபாரம், அம்மா."

"ஃபாரமா வந்து கேட்டுச்சு? அங்கன நாலு பேரு உக்காந்திருந்தாக. அந்த டிராவல்ஸ்காரரு பொண்டாட்டி வேற பிள்ளைக்காக எட்டு வருசமா கோயில் கோயிலா அலையிறா. அவரு முன்னால எப்படிடா முழுசா சொல்ல? போன தடவ உள்ளதைத்தான் சொன்னேன். என்னாச்சு?"

கத்திட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அம்மா அழல. எந்திரிச்சு மாவாட்டப் போயிருச்சு. நான் சாப்பிடல.

ஜூன் 11, வியாழன்

அரை நாள் லீவு. இஞ்சினியர்: "காத்து சீசன்ல எவன்டா லீவு கேப்பான்?" நான்தான்.

கம்பம். டிராவல்ஸ்காரர் டீ சொல்லிட்டு உக்காரச் சொன்னார்.

"கிளைம் பண்ணாத்தான தம்பி பாப்பாக. நல்லபடியா போயிட்டு வரட்டும்."

"கிளைம் பண்றதுக்குத்தான இன்சூரன்ஸ்?"

"நல்ல காரியத்துக்குப் போறப்ப எதுக்கு அபசகுனமா பேசுறீக? வேணும்னா தெரிஞ்ச டாக்டர்கிட்ட வாரத்தைக் குறைச்சு ஒரு சீட்டு..."

டீயை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சேன். எங்க அனுமதியில்லாம ஃபாரத்தை எப்படி அனுப்பினீகன்னு கேட்டேன். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். மேற்கண்ட தகவல்கள் உண்மை என உறுதி அளிக்கிறேன். ஓடிபி சரிபார்க்கப்பட்டது. போன் நம்பர் என்னுது.

போன சனிக்கிழமை. டவர் மேல இருந்தேன். போன் பண்ணி, மெசேஜ்ல வந்த ஓடிபியைக் கேட்டார், வாசிச்சேன். எதுக்குன்னு கூடக் கேக்கல. ஒவ்வொரு போல்ட்டா முறுக்கிப் பாத்துக் கையெழுத்துப் போடுறவன். முட்டாப்பய.

வெளிய வந்து பைக்கை உதைச்சேன். பெருவிரல் வீங்கியிருக்கு.

ஜூன் 12, வெள்ளி

மச்சான் வீடியோ கால். "இன்சூரன்ஸ் இல்லாமலே அனுப்பு மாப்ள. நான் பாத்துக்கிறேன்."

"என்னத்தப் பாப்பீக? உங்க ரூம்ல ஆறு பேரு. பிரண்டு வீட்ல ஒரு ரூம் கேட்டு வாங்கித்தான் அவளைக் கூப்பிடுறீக. ஒண்ணுன்னா எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவீக?"

டிக்கெட்டை கேன்சல் பண்றேன்னேன். அம்மா உள்ளருந்து, "பண்ணு. பிள்ளை பொறந்த பிறகு போகட்டும்."

அக்கா கட்டில்ல சாஞ்சு கேட்டுக்கிட்டே இருந்தவ, போனை என் கையிலருந்து பிடுங்கிட்டா. "வயிறு என்னுது. நீ வாரம் சொல்ற, அம்மா மாசம் சொல்லுது, இவரு பாத்துக்குவாராம். ஒருத்தராச்சும் எங்கிட்ட கேட்டீகளா?"

என் பக்கம் திரும்பினா.

"26 என்னைக்குடா முடியுது?"

"கிளம்பி ஏழு நாள்ல."

"அப்ப திங்கக்கிழமை திரும்பிர்றேன். டிக்கெட்டை மாத்து."

ஜூன் 13, சனி

மூணு பேரும் கம்பம். சந்தை நாள் மாதிரி கூட்டம், எஸ்டேட் ஜீப்பு ஹாரன். அம்மா கடை வாசலோட நின்னுக்கிட்டுச்சு.

"எத்தனை வாரம்மா?" டிராவல்ஸ்காரர் கீபோர்டைப் பாத்துக்கிட்டே கேட்டார்.

"கிளம்புறன்னைக்கு இருபத்தஞ்சு. ஆறாம் மாசம்." அக்கா சத்தமாவே சொன்னா. பெஞ்சுல இருந்தவுக திரும்பிப் பாத்தாக. வாசல்ல அம்மா கண்ணை மூடிக்கிடுச்சு.

அவர் டைப் பண்ணினார். ரெண்டு தடவை தப்பா அடிச்சு அழிச்சார். "நல்லபடியா போயிட்டு வாம்மா"ன்னார். அவர்மேல இருந்த கோபத்தை அதுக்கப்புறம் எங்க வைக்கன்னு தெரியல.

டிக்கெட்டை 22க்கு மாத்தியாச்சு. இன்சூரன்ஸ் பழசு கேன்சல். புதுசு ஏழு நாளைக்கு. பதினாலு பக்கம். அங்கனயே உக்காந்து வரி வரியா படிச்சேன்.

"தம்பி படிச்சு முடிக்கிறதுக்குள்ள பிரசவமே ஆயிரும் போல."

அக்கா சிரிச்சா. நான் சிரிக்கல. படிச்சு முடிச்சுத்தான் ஓடிபி சொன்னேன்.

வீட்டுக்கு வந்து மச்சானுக்கு மெசேஜ்: 16 வரவு, 22 கிளம்பணும். பதில்: வெள்ளி மட்டும்தான் லீவு மாப்ள, மத்த நாள் 12 மணி நேர டியூட்டி, கேட்டுப் பாத்துட்டேன், முடியாதுன்னுட்டாங்க.

16லருந்து 22க்குள்ள ஒரே ஒரு வெள்ளி. இதுக்கா ரெண்டு நாட்டுக்கு நடுவுல பறக்கணும்? யாரைத் திட்டுறதுன்னே தெரியாம அக்காகிட்ட போனைக் காட்டினேன்.

"தெரியும்டா"ன்னா. அந்த வெள்ளிக்குக் கட்ட ஒரு சேலையைத் தனியா எடுத்து வச்சா.