குழாயில் நின்ற தண்ணீர்

2006, மார்கழி, செவ்வாய் இரவு.

அத்தையின் முழங்கால் வலிக்காகக் கொழுந்தன் வாங்கித் தந்த, கரண்டில் தண்ணீரைச் சுடவைத்து உடம்பில் பீய்ச்சும் வெந்நீர்த் தொட்டியால் இன்று காலையிலேயே சண்டை. நான் கையை விட்டுப் பார்த்தபோது தண்ணீர் இதமான சூட்டில்தான் இருந்தது. அத்தையை உள்ளே உட்காரவைத்து மோட்டாரைப் போட்டதும், தொட்டியின் பக்கவாட்டுத் துளைகளிலிருந்து பச்சைத் தண்ணீர் முழங்காலில் பீய்ச்சியடித்தது.

"ஏத்தா, என்னையக் கொல்லப் பாக்கியா?" என்று அலறி எழுந்துவிட்டார்.

அவர் போன பிறகு துளையில் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். சற்று நேரத்தில் சூடு வந்தது. மூடி போட்டிருந்ததால் தொட்டித் தண்ணீர் ஆறவில்லை. குழாய்க்குள் நின்றதுதான் ஆறியிருக்கிறது. சுவிட்ச் போட்டபடி இருந்தால் மோட்டார் இடையிடையே அதையும் சுற்றவிட்டிருக்கும். ராத்திரி அணைத்தது மாமா.

"தொட்டி சுவிட்சை அணைக்காதீக மாமா" என்றேன்.

"ஆளில்லாத எடத்துல கரண்ட் எதுக்குத்தா?"

மாமா வேலை பார்த்த பட்டாசு ஆலையில், ஆளில்லாத நேரம் கரண்ட் கோளாறில் மருந்துக் கலவை அறை எரிந்த வருஷத்திலிருந்து அவர் அப்படித்தான். நாளை மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டபின் அத்தையைத் தொட்டியில் இறக்குகிறேன்.

அந்தத் தீயை எழுதும்போதே எனக்கும் பயம் வந்து, சுவிட்ச் போட்டபடி இருக்கிறதோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. இனி எனக்கும் தூக்கம் வரும்.