குளம் ஏற்றிய சாயம்

அண்ணா,

இன்று காலை மையத்தின் கதவைத் திறக்கப் போனபோதே அந்த வாசம் மூக்கில் ஏறியது. சாயப்பட்டறை வாசம். நேற்றுப் பெய்த மழைக்குக் குளம் நிறைந்துவிட்டதென்று ஊரே சந்தோசப்படுகிறது. என்னால் முடியவில்லை.

நீங்கள் இந்தக் குளக்கரைப் பூங்காவின் வாட்ச்மேனாக இருந்தீர்கள். நான் பார்வையாளர் மையத்தில் பறவைப் படங்களையும், காங்கேயம் காளை பொம்மையையும், பழைய பனியன் மிஷினையும் காட்டி விளக்கம் சொல்கிறவள். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து, பாதி ஆயுசைச் சாயப்பட்டறையில் கழித்த மனுசன் நீங்கள். வாரம் ஒருமுறை வெள்ளை பனியன் துணியில் ஒரு துண்டைக் கல்லில் கட்டிக் குளத்தில் போடுவீர்கள். மறுநாள் எடுத்து உங்கள் ரூம் கொடியில் காயவைப்பீர்கள். இந்த மனுசனுக்கு வேறு வேலை இல்லையா என்று சிரித்திருக்கிறேன்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மையத்தின் சுவரில் ஓரிடம் காலியாகக் கிடந்தது. உங்கள் கொடியைப் பார்த்தேன். வெள்ளை, இளம் ரோஸ், வெளிர் நீலம், அழுக்குப் பச்சை. திருப்பூரில் பிறந்தவள் கண்ணுக்கு அது வேறென்னவாகத் தெரியும்? பட்டறை ஷேடு சாம்பிள் என்றே நினைத்தேன். கேட்காமல் எடுத்து, வரிசையாக ஒட்டிச் சட்டம் போட்டு, ‘எங்கள் ஊர் நிறங்கள்’ என்று எழுதியும் வைத்தேன். கூறுகெட்டவள்!

நீங்கள் வந்து ஒவ்வொரு துண்டாகத் தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு, “தங்கச்சி, இது நான் போட்ட சாயமில்ல. கொளம் போட்டது,” என்றீர்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆனாலும் வாயில் வந்தது, “விழா முடியட்டுங்கண்ணா, எடுத்துடறனுங்க.”

“எடுக்காண்டாம். எழுத்த மட்டும் மாத்து. மழையோட மழையாத்தான் பட்டறைக்காரனுவ கழிவுத்தண்ணியத் தொறந்து விடுவானுவ. அன்னைக்குப் பிள்ளையளத் தண்ணியில எறக்கிராத, பாத்துக்க.”

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் எழுத்தை மாற்றாமல் நாளைத் தள்ளினேன். அதற்குள் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது. ஜனங்கள் அந்தச் சட்டத்தின் முன்னால் நின்று செல்பி எடுக்கிறார்கள்.

நேற்று மத்தியானம் மழை விட்டதும் ஒரு பள்ளிக்கூடப் பஸ் வந்தது. படித்துறையில் ஒரு பொண்ணு தயங்கினாள். “அக்கா, தண்ணி பளபளன்னு இருக்குதுங்க.”

“மழைத்தண்ணி கண்ணு, எறங்கு,” என்றேன். நான்தான் சொன்னேன், அண்ணா. உங்கள் பேச்சு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. பக்கத்தில் மேனேஜர் நின்றார்.

இன்று ஒரு வெள்ளைத் துண்டை முக்கினேன். காயவைக்கத் தேவையே இல்லை, ஊதாவாக வந்தது. கரையில் ஒரு கூழைக்கடாப் பறவைகூட இல்லை. படித்துறைக் கேட்டைப் பூட்டினேன். சட்டத்திலிருந்த எழுத்தைக் கிழித்துப்போட்டு, ‘குளத்துத் தண்ணீர் ஏற்றிய சாயம்’ என்று எழுதினேன். மேனேஜர் போனில் கத்தினார். கத்தட்டும்.

அடுத்துப் போன் பண்ணியது அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர். “ஏனுங்க, நேத்து வந்த பசங்களுக்குக் காலெல்லாம் கொப்புளமுங்க. அங்க ஏதாச்சும் செடி கிடி பட்டுதுங்களா?”

“செடி இல்லீங்க டீச்சர். தண்ணீங்க. எனக்கு முன்னாடியே தெரியுமுங்க.”

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. இனி நான் எங்கே போனாலும் அந்த அமைதி கூடவே வரும், அண்ணா.