தெரெஸ் முளைத்த இடம்

சிவப்பு ஓடைப் பள்ளம்,
இலையுதிர்காலத்தின் முதல் மாதம், பத்தாம் நாள்.

என் மதிப்பிற்குரிய கணவர் லுவ்சன் அவர்களுக்கு ஹாந்த்மா வணங்கி எழுதுவது.

நானும் ஆடுகளும் நலம். தலைநகர மருத்துவமனையில் தங்கள் காயம் ஆறிவருகிறதா என அறிய விழைகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. குதிரையோடு விழுந்ததில் நசுங்கிய வலக்கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டதை ஒரே வரியில் முடித்துவிட்டு, கிணறு வற்றிவிட்டதால் மந்தையை விற்று என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடும்படி மூன்று பக்கம் எழுதியிருந்தீர்கள். அந்த மூன்று பக்கங்களுக்கும் என் பதில் பின்வருமாறு.

நான் விற்கவில்லை. தண்ணீர் தேடினேன்.

தெரெஸ் புல் நிற்குமிடத்தில் நீர் உண்டென்பது நம்மவர் அனைவரும் அறிந்தது. ஆகவே, குதிரைமேல் இருப்பவரையே மறைக்கும் அந்தப் புல்லின் பழைய பெருந்தூர்களின் அருகே பால் தெளித்து, மண்ணிடம் பொறுத்தருளக் கேட்டபின் தோண்டச் சொன்னேன். தங்கள் தம்பி ஒச்சிர் ஆறு நாள் தோண்டினார். புழுதிதான் வந்தது. குழிக்குள்ளிருந்து கத்தினார்: "அண்ணி, இன்னும் ரெண்டு நாள் தோண்டுனா பூமிக்கு அந்தப் பக்கம் போயிடுவேன். அங்க யாராச்சும் டீ குடுப்பாங்களா?"

பிழை என்னுடையதே. தூரின் நடுத்தண்டுகள் செத்து, ஓரத்தில் மட்டும் வளையமாகப் பச்சை இருந்ததை நான் கவனிக்கத் தவறினேன். அது முதுமையின் அடையாளம். பல்லாண்டு வாழும் புல் தெரெஸ். வறட்சியில் இலையை நூலாகச் சுருட்டிக்கொள்ளும். நீர் இறங்க இறங்க வேரும் பின்னாலேயே இறங்கும். எனவே பெருந்தூர் சொல்வது அதன் இளமைக்காலச் சேதி. விதைக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஈரம் அருகிலிருந்தால்தான் முளைக்கும். ஆகையால் முளைகளைத் தேடினேன்.

பள்ளத்தின் கீழ்முனையில், விரல் நீளத்தில் பதினொன்று இருந்தன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். இலை தண்டைத் தழுவும் இடத்தில் கூரிய வெண்சவ்வு நீண்டிருந்தது, ஐயமின்றித் தெரெஸ்தான். "இந்தப் பூனை மீசையை நம்பியா மறுபடி என்னைக் குழிக்குள்ள இறக்கப் போறீங்க?" என்றார் ஒச்சிர். இறங்கினார். என் உயரத்தைப் போல் இருமடங்கு ஆழத்தில் நீர் சுரந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "கொஞ்சம் கரிக்குது அண்ணி. பரவாயில்ல, இனிமே நம்ம டீயில போடுற உப்பை வாங்க வேணாம்" என்றார். பிறகு அழுதார். அதைத் தங்களுக்கு எழுதக்கூடாதென்று கேட்டுக்கொண்டார்.

கூடாரத்தைப் பெயர்த்து அங்கேயே அமைத்துவிட்டேன். வாசலிலிருந்து கிணறு நாற்பது அடி. என் வலக்காலை மடக்கிக் கட்டிக்கொண்டு, கோலூன்றி நடந்து பார்த்தேன். இரண்டு இடங்களில் விழுந்தேன். அவ்விரு இடங்களிலும் கற்களை அகற்றி மண்ணைச் சமப்படுத்தியிருக்கிறேன்.

மீதி பத்து முளைகளையும் ஆடு மேயாதபடி கல் அடுக்கிக் காத்துவருகிறேன். பனிக்கு முன் தாங்கள் வந்து அவற்றைப் பார்வையிட வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வாருங்கள்.

என்றும் தங்கள்,
ஹாந்த்மா