பட்டியலில் விட்ட கடை

ஐப்பசி 14, வியாழன்

அலுவலகத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி நல்ல காபிக் கடைகளைக் கேட்டிருந்தார். கடலூரில் மூன்று, சிதம்பரத்தில் இரண்டு எழுதிக் கொடுத்தேன். சிதம்பரத்தில் என் மனைவியின் தம்பி நடத்தும் கடையை மட்டும் எழுதவில்லை. தன் மகளின் கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் வைத்து நேரில் தராமல் வாட்ஸ்அப்பில் அனுப்பியவன் அவன். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஆறு வருடமாகப் பேச்சும் இல்லை.

இன்று சிதம்பரத்தில் வேலை முடிந்ததும் அதிகாரி என்னை நேராக அந்தக் கடைக்கே அழைத்துப் போனார்.

"ஊர்லயே இதான் பெஸ்ட்டுங்கறாங்க. நீங்க எப்படி சார் விட்டீங்க?" என்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மச்சான் கேட்காமலே சர்க்கரை இல்லாத காபியை என் முன் வைத்தான். என் சர்க்கரை நோயைப் பற்றி அவனுடைய அக்காதான் சொல்லியிருக்க வேண்டும்.

"எப்பிடி மாமா இருக்கு?"

"பரவால்ல."

அவன் அதிகாரியிடம் திரும்பினான். "எங்க மாமா வாயில இதுவே ஜாஸ்தி சார்."

அதிகாரி சிரித்தார். நான் தெருவைப் பார்த்தபடி குடித்தேன். இவ்வளவு நல்ல காபி குடித்து நாளாகிவிட்டது. அதை அவனிடம் சொல்ல மாட்டேன்.

காலி டம்ளரை அவனே வந்து எடுத்தான். டம்ளருக்குள்ளே பார்த்துவிட்டுத்தான் எடுத்தான்.